கிராமத்து நோயாளி விடுபடாமல் ஆராய்ச்சி பட்ஜெட் போடுவது எப்படி?

பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் ஆய்வுகளுக்கு பட்ஜெட் எழுதுவதும், அவற்றை ஒருங்கிணைப்பதும் என் வேலை. அதற்கு முன்பு 6 வருடம் ஒரு கிராமத்துக் கிளினிக்கில் செவிலியாக இருந்தேன். அதனால் ஆராய்ச்சிப் பணம் புறப்படும் இடத்தையும் பார்த்திருக்கிறேன், அது வந்து சேரும் இடத்தையும், பல நேரம் வராமலே போன இடத்தையும் பார்த்திருக்கிறேன்.

கிராமத்து நோயாளிகள் ஆய்வில் சேருவதில்லை, சேர்ந்தாலும் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று கூட்டங்களில் அடிக்கடி சொல்வார்கள். விழிப்புணர்வு போதாது என்று காரணமும் சொல்லி முடித்துவிடுவார்கள். நான் கவனித்த வரையில், காரணத்தைத் தேட வேண்டிய இடம் மானிய ஒப்பந்தம். அதில் ஏதோ ஒரு பத்திதான் அந்த நோயாளியை வெளியே நிறுத்தியிருக்கும். அந்தப் பத்தியை முன்கூட்டியே கண்டுபிடித்து, ஆய்வை அதற்கேற்ப அமைக்க முடியும். முதல்முறையாகக் கூட்டு ஆய்வுக்கு விண்ணப்பிக்கும் மருத்துவர்களையும், பெரிய நிறுவனத்தோடு சேரப்போகும் சிறிய கிளினிக்குகளையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நாள் நோயாளியோடு போய் வாருங்கள்

விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். நான் கிளினிக்கில் இருந்தபோது எங்கள் நோயாளிகள் சிலர் ஒரு சர்க்கரை நோய் ஆய்வில் சேர்ந்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிய மருத்துவமனைக்குப் போய், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். காலை 9 மணிக்குள் இருக்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய ஒருவரோடு நானும் ஒருமுறை போனேன். வீட்டை விட்டு 4 மணிக்குக் கிளம்பினார். இரண்டு பஸ் மாறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 9.40. ரத்தம் எடுக்கும் அறைக்கு முன்னால் வரிசை நின்றது.

பழக்கத்தில் அவர் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கிளிபென்கிளமைடு வகை மாத்திரை. சாப்பிடாமல் போட்டால் சர்க்கரையைக் கீழே இழுத்துவிடும். வரிசையில் நிற்கும்போதே நெற்றி வியர்த்தது. கையில் வைத்திருந்த டோக்கன் நடுங்கியது. அவரை உட்காரவைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். ஆனால் இனி வெறும் வயிற்று ரத்தம் கிடையாது. பதிவேட்டில் ‘வருகை முழுமையடையவில்லை’ என்று எழுதினார்கள். முழுமையடையாத வருகைக்குப் பயணப் பணம் தரக்கூடாது என்பது ஒப்பந்தத்தின் விதி. திரும்பும்போது பஸ்ஸில் அவர் கேட்டார்: “சிஸ்டர், நான் வந்தேன்னாவது எழுதிக்கிட்டாங்கல்ல?”

அடுத்த முறை அவர் வரவில்லை. ஆய்வறிக்கையில் அவர் ‘தொடர்பு விட்டுப்போனவர்’ என்ற எண்ணிக்கைக்குள் போயிருப்பார்.

பிறகு நான் பட்ஜெட் எழுதத் தொடங்கியதும் செய்த முதல் மாற்றம், அப்படிப்பட்ட ஆய்வுகளில் ஹெச்பிஏ1சி பரிசோதனையை முன்னால் வைக்கச் சொன்னதுதான். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை அது காட்டும். வெறும் வயிறு தேவையில்லை. எந்த நேரத்திலும் எடுக்கலாம், மையவிலக்குக் கருவி வேண்டாம், குளிர்பதனப் பெட்டியில் சில நாள் தாங்கும். அதாவது ரத்தத்தை ஊர்க் கிளினிக்கிலேயே எடுத்து, வாரத்துக்கு ஒருமுறை மாதிரிகளை மட்டும் அனுப்பிவிடலாம். கடுமையான ரத்தசோகை உள்ளவர்களுக்கும், சில ஹீமோகுளோபின் கோளாறுகள் உள்ளவர்களுக்கும் அது சரியாகக் காட்டாது என்பதால் மருத்துவர் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் கேள்வியையாவது கேளுங்கள்: இந்தப் பரிசோதனைக்காக நோயாளி வர வேண்டுமா, மாதிரி மட்டும் போனால் போதாதா?

நோயாளியோடு போகும் நாளில் ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எப்போது எழுந்தார், துணைக்கு யார் வந்தார், இருவருக்கும் அன்றைய கூலி போனதா, எத்தனை வண்டி மாறினார், அதில் எதற்கு டிக்கெட் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை, எப்போது சாப்பிட்டார், எந்த வரிசையில் எவ்வளவு நேரம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு. இதில் ஒவ்வொன்றும் பட்ஜெட்டில் ஒரு வரி. துணைக்கு வருபவரின் செலவைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். கண் பார்வை மங்கியவரும், கர்ப்பிணியும், தனியாகப் பயணம் செய்யாத மூதாட்டியும் அந்த ஒரு வரி இல்லாததாலேயே விடுபட்டுப்போவார்கள்.

பணம் யார் கைக்குப் போகலாம் என்று பாருங்கள்

விதிமுறைகளில் நான் முதலில் தேடிப் படிப்பது இதைத்தான். முதன்மை நிறுவனம் மானியம் வாங்கி, அதில் ஒரு பங்கைக் கூட்டாளிக் கிளினிக்குக்குத் துணை மானியமாகக் கொடுப்பதுதான் வழக்கமான வழி. அந்த வழி எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

இந்தியாவில் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2020ல் வந்த திருத்தம், வெளிநாட்டிலிருந்து நிதி பெற்ற ஓர் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றிக்கொடுப்பதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவுக்கான வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. பெரிய தொண்டு நிறுவனம் பணம் வாங்கிச் சிறிய ஊர் அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்து வந்த முறை அதோடு முடிந்தது. அமெரிக்காவில் என்.ஐ.எச். எனப்படும் தேசிய சுகாதார நிறுவனம், 2025 மே 1 அன்று வெளிநாட்டுத் துணை மானியங்கள் கொண்ட விருதுகளை (அவர்கள் தரும் ஆய்வு மானியங்களுக்கு அந்தப் பெயர்தான்) வழங்குவதை, புதிய முறை ஒன்று வரும்வரை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஒவ்வொரு வெளிநாட்டுக் கூட்டாளிக்கும் போகும் பணத்தைத் தனியாகக் கண்காணிக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். புதிய முறையில் வெளிநாட்டுக் கூட்டாளி முதன்மை விருதோடு இணைக்கப்பட்ட தனி விருதை நேரடியாகப் பெறுவார்.

கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நேரடி விருது என்றால் அந்தக் கிளினிக்குக்குச் சொந்தமாக ஒரு கணக்காளர் வேண்டும், அமெரிக்க அரசின் மானியப் பதிவு எண் வேண்டும், தணிக்கைக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். இரண்டு மருத்துவர்களும் நான்கு செவிலியரும் இருக்கும் இடத்தில் அதை யார் பார்ப்பார்? அப்படிப்பட்ட கிளினிக் விலகிக்கொள்ளும். அதோடு அதன் நோயாளிகளும் விலகிவிடுவார்கள். பல்கலைக்கழகத்தை ஒட்டிய மருத்துவமனைகள் மட்டும் மிஞ்சும்.

ஆகவே செய்ய வேண்டியது: கூட்டாளியின் பதிவு வேலைகளை விண்ணப்பக் கடைசித் தேதிக்குப் பல மாதம் முன்பே தொடங்குங்கள். பதிவில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒத்துப்போகிறதா என்று நீங்களே சரிபாருங்கள். ஓர் எழுத்துப் பிழைக்காக மூன்று மாதம் நின்றுபோன பதிவை நான் கையாண்டிருக்கிறேன். துணை மானியத்துக்கு வழியே இல்லையென்றால், ஆய்வுக்குத் தேவையான செவிலியை முதன்மை நிறுவனமே நியமித்துக் கிளினிக்கில் அமர்த்த முடியுமா, மாதிரி எடுப்பதைச் சேவையாகக் கட்டணம் கொடுத்து வாங்க முடியுமா என்று சட்டப் பிரிவோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்த வழியானாலும் அதை எழுத்தில் நிதி வழங்குநரிடம் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சேவை வழங்குபவர் என்று எழுதினால் கிளினிக்கின் தகுதி மாறிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் திட்டத்தில், பயனாளி என்ற நிலையில் இருக்கும் கூட்டாளிக்கு நேரடிச் செலவின்மேல் 25 விழுக்காடு மேற்செலவு, அதாவது பொதுச் செலவுகளுக்கான பங்கு, கிடைக்கும். துணை ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும் தொகை அந்தக் கணக்கில் சேராது. ஊரில் உண்மையான வேலையைச் செய்பவர்களைத் துணை ஒப்பந்ததாரராக எழுதிவிட்டு, பயனாளிப் பட்டியலில் நகரங்களை மட்டும் வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் பெயர் கட்டுரையிலும் இருக்காது, அடுத்த விண்ணப்பத்திலும் இருக்காது.

மேற்செலவு

மின்சாரம், கட்டடம், கணக்கு, தணிக்கை போன்ற பொதுச் செலவுகளுக்கான பங்குதான் மேற்செலவு. என்.ஐ.எச். நீண்ட காலமாக வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 8 விழுக்காடுதான் கொடுத்துவந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தனித்தனியாகப் பேசி முடித்த விகிதங்கள் அதைவிடப் பல மடங்கு. 2025 பிப்ரவரியில் எல்லோருக்கும் 15 விழுக்காடு என்று என்.ஐ.எச். அறிவித்தபோது வழக்குகள் வந்தன, நீதிமன்றம் தடுத்தது. பெரிய நிறுவனங்களுக்கு 15 போதாது என்று எல்லோரும் பேசிய அந்த நாட்களில், 8ஐ வைத்துக்கொண்டு மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் ஓட்டும் கிளினிக்குகளைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விகிதத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் ஆய்வுக்காக மட்டும் ஆகும் செலவு என்று காட்ட முடிந்தால், அதை நேரடிச் செலவாகவே கேட்கலாம். மாதிரி வைக்கும் குளிர்பதனப் பெட்டி, அதற்கான இன்வெர்ட்டர், வாரத்தில் ஒரு நாள் கணக்கு எழுத வருபவரின் சம்பளம், ஆய்வுக்கான செல்பேசி இணைப்பு ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வாக்கியத்தில் காரணம் சொல்லுங்கள். “பெட்டியின் வெப்பநிலை 8 டிகிரியைத் தாண்டினால் மாதிரிகள் வீணாகும், இந்தக் கிளினிக்கில் மின்சாரம் நாளுக்கு இத்தனை மணி நேரம் நிற்கிறது” என்று எழுதிய வரியை எந்த மதிப்பீட்டாளரும் வெட்டி நான் பார்த்ததில்லை. ‘இதர செலவுகள்’ என்று எழுதியது வெட்டுப்படாமல் வந்ததும் இல்லை.

முதலில் பணமா, முதலில் வேலையா

செலவு செய்துவிட்டு ரசீது அனுப்பினால் திருப்பித் தருவோம் என்பது பல ஒப்பந்தங்களில் உள்ள முறை. பெரிய மருத்துவமனைக்குக் கையிருப்பு இருக்கும். சிறிய கிளினிக்கில் மூன்று மாதச் சம்பளத்தை முன்பணமாகப் போட யாரிடமும் பணம் இருக்காது. எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வில் களப்பணியாளர் இருவர் சம்பளம் வராமல் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களை நம்பித்தான் நோயாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் போனதும் வருகையும் நின்றது. அதனால் ஒப்பந்தத்தில் முதல் காலாண்டுக்கான முன்பணத்தைக் கேளுங்கள். விதி இடம் தராவிட்டால் முதன்மை நிறுவனம் தன் சொந்த நிதியிலிருந்து முன்கூட்டிக் கொடுக்குமா என்று கேளுங்கள். கேட்காமல் விடாதீர்கள்.

அமெரிக்கக் கூட்டரசு மானியங்களில் ‘நிலைத்தொகைத் துணை மானியம்’ என்று ஒன்று உண்டு. முன் அனுமதி பெற்றால் 5,00,000 டாலர் வரை இப்படிக் கொடுக்கலாம். 2024 அக்டோபருக்கு முன்பு வரம்பு 2,50,000. இதில் ஒவ்வொரு ரசீதையும் காட்டிப் பணம் வாங்க வேண்டியதில்லை. பயிற்சி முடிந்தது, முதல் 20 பேர் சேர்ந்தார்கள் என்பதுபோல மைல்கற்களை வைத்துப் பணம் வரும். கணக்காளர் இல்லாத கிளினிக்குக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் மைல்கல் நகரத்து வேகத்தில் இருந்தால் அதுவே பொறியாகிவிடும். முதல் மைல்கல்லாக நோயாளி எண்ணிக்கையை வைக்காதீர்கள். ஆள் எடுப்பதும் பயிற்சியும் முதலில் வரட்டும்.

ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்ற கணக்கு

எல்லா விதிகளிலும் கிராமத்து நோயாளிக்கு அதிகம் கெடுதல் செய்வது இது என்று நினைக்கிறேன். எல்லா வருகைகளும் முடிந்த நோயாளிக்கு மட்டும் மையத்துக்கு, அதாவது நோயாளிகளைச் சேர்க்கும் மருத்துவமனைக்கோ கிளினிக்குக்கோ, பணம். அப்படியென்றால் மையம் யாரைச் சேர்க்கும்? நடந்து வரும் தூரத்தில் இருப்பவரைத்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. சேர்க்கைப் பட்டியலோடு உட்காரும் ஒருங்கிணைப்பாளர் முகவரியைப் பார்க்கிறார், ‘இவர் ஆறு முறை வரமாட்டார்’ என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறார், அடுத்த பெயருக்குப் போகிறார். நானும் இப்படி ஒரு பெயரைத் தாண்டிப் போயிருக்கிறேன். அது இன்றும் உறுத்துகிறது.

நிதி வழங்குநர் பெரும்பாலும் மொத்தத் தொகையையும் எதற்குச் செலவழிக்கலாம் என்பதையும்தான் கட்டுப்படுத்துகிறார். மையங்களுக்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பதை முதன்மை நிறுவனம் பேசி முடிவு செய்யலாம். தொடக்கத்தில் ஒரு தொகை. சேர்க்கத் தகுதி பார்த்து, தகுதி இல்லாமல் போனவருக்கும் ஒரு தொகை, ஏனென்றால் அந்த வேலையும் வேலைதான். வராத நோயாளியை வீடு தேடிப் போய்ப் பார்த்தால் அதற்கு ஒரு தொகை. பாதி முடிந்த வருகைக்குப் பாதி. தூரத்தை மூன்று படியாகப் பிரித்து, தூரம் கூடக்கூடத் தொகையும் கூடும்படி வையுங்கள். அப்புறம், ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் சேர்ந்தவர்களையும் விலகியவர்களையும் தூர வாரியாகக் காட்டச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இரண்டாவது காலாண்டிலேயே யார் விடுபடுகிறார்கள் என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிடும்.

ரசீது கிடைக்காத பயணம்

பங்கிட்டு ஏறும் வண்டிக்கு ரசீது தரமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவந்து விட்டால் டிக்கெட் ஏது? இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி: கிளினிக்கிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்து வருகைக்கு ஒரு நிலையான தொகை. பட்டியலை பட்ஜெட் விளக்கக் குறிப்பிலும், ஒப்புதல் படிவத்திலும், நெறிமுறைக் குழுவுக்கு (ஆய்வில் சேருபவர்களின் பாதுகாப்பைப் பார்த்து அனுமதி தரும் குழு) அனுப்பும் விண்ணப்பத்திலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். மூன்றில் ஒன்று மாறினாலும் தணிக்கையில் பிடிப்பார்கள். பணத்தை வந்த அன்றே கையில் கொடுக்க வேண்டும், கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு. ஆறு வாரம் கழித்து வங்கிக் கணக்கில் வரும் என்றால் அவர் அன்று கடன் வாங்கித்தான் ஊர் திரும்புவார்.

பயணப் பணம் கொடுப்பது ஆசை காட்டுவதாகாதா என்று நெறிமுறைக் குழுவில் யாராவது கேட்பார்கள். கேட்பது சரிதான், அதற்குப் பதிலும் இருக்கிறது. பயணம், தங்கல் போன்ற நியாயமான செலவைத் திருப்பிக் கொடுப்பதைத் தூண்டுதலாகப் பார்ப்பதில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018ல் தெளிவுபடுத்தியது. சியோம்ஸ் எனப்படும் சர்வதேச மருத்துவ அறிவியல் அமைப்புகளின் கவுன்சில் 2016ல் வெளியிட்ட நெறிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போய், செலவைத் திருப்பித் தருவதோடு நேரத்துக்கும் ஈடு செய்ய வேண்டும் என்கின்றன. இரண்டையும் விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.

நெறிமுறைக் குழு ஒன்றா, பலவா

ஒரே ஆய்வை ஒன்பது மையத்தின் ஒன்பது குழுக்கள் பார்த்து, ஒன்பது விதமாகத் திருத்தம் கேட்ட காலம் உண்டு. குழுவே இல்லாத சிறிய கிளினிக்குக்கு அது மூடிய கதவு. என்.ஐ.எச். 2018 ஜனவரி 25 முதல், உள்நாட்டுப் பல மைய ஆய்வுகளுக்கு ஒரே குழு போதும் என்று விதித்தது. 2020 ஜனவரி 20 முதல் மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளுக்கான அமெரிக்காவின் பொது விதியிலும் அது வந்தது. சிறிய இடங்களுக்கு நன்மைதான். ஆனால் தூரத்திலிருக்கும் குழுவுக்கு உள்ளூர் தெரியாது. நீங்கள் அனுப்பும் உள்ளூர்த் தகவல் படிவத்தில் எழுதியதுதான் அவர்களுக்குத் தெரியும். எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும், ஒப்புதலை வாசித்துக் காட்ட யார் இருப்பார், இரவில் உடம்புக்கு ஏதாவது ஆனால் முதலில் எங்கே போவார்கள் என்று விரிவாக எழுதுங்கள்.

பணம் நின்றுபோனால்

இந்தப் பகுதியை எழுதாமல் எந்த ஒப்பந்தத்திலும் நான் இப்போது கையெழுத்துக்கு அனுப்புவதில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, அந்நாட்டின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் நிதியில் நடந்த ஆய்வுகளுக்கு வேலையை உடனே நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது. தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. தடுப்புக்கான வளையத்தைச் சோதித்துக்கொண்டிருந்த ஆய்வில், பெண்களின் உடலில் வளையம் இருந்தபடியே நிறுத்தச் சொன்னார்கள். ஆய்வாளர்கள் உத்தரவையும் மீறி அந்தப் பெண்களை வரவழைத்து அகற்றினார்கள். அப்படி மீற வேண்டிய நிலையே வராதபடி ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

கிராமத்தில் இருப்பவருக்கு ஆய்வு நின்ற செய்தியே கடைசியில்தான் போய்ச் சேரும். அதனால் எழுத வேண்டியவை: நிதி எந்தக் காரணத்தால் நின்றாலும், கடைசி நோயாளியின் பாதுகாப்புப் பரிசோதனை முடியும்வரை ஆகும் செலவு அனுமதிக்கப்பட்டது, ஆய்வு மருந்தில் இருப்பவர்களுக்கு வழக்கமான சிகிச்சைக்கு மாறும்வரை மருந்துக் கையிருப்பு கிளினிக்கிலேயே இருக்கும், நோயாளியின் பரிசோதனை முடிவுகளின் நகல் அவர் கைக்கே வரும். நிதி வழங்குநர் முதல் வரியை ஏற்காவிட்டால், அந்தத் தொகைக்கு முதன்மை நிறுவனம் பொறுப்பேற்று எழுதிக்கொடுக்க வேண்டும். ஆய்வுக்குப் பின் என்ன கிடைக்கும் என்பதைத் தொடங்கும் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மருத்துவ ஆய்வு நெறிகளைச் சொல்லும் ஹெல்சின்கி பிரகடனமும் சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள்.

அனுப்புவதற்கு முன்பு

எல்லாம் எழுதி முடித்ததும் பட்ஜெட்டைக் கிளினிக்கின் செவிலியிடம் கொடுங்கள். மருத்துவரிடம் மட்டும் கொடுத்தால் போதாது. அச்செடுத்து, பக்கத்தில் ஒரு பென்சிலும் வையுங்கள், ஒரு வாரம் நேரம் கொடுங்கள். கடைசியாக நான் எழுதிய பட்ஜெட் திரும்பி வந்தபோது பயண வரிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: ‘மழை மாதத்தில் தரைப்பாலம் மூழ்கும். சுற்றிவர இரண்டு மடங்கு தூரம். அந்த மூன்று மாதமும் நாங்களே வீட்டுக்குப் போய் ரத்தம் எடுக்கலாமா?’ செவிலிக்கு ஒரு நாள் படி, ஐஸ் பெட்டி, வண்டிக்கு எரிபொருள் என்று மூன்று வரிகளைச் சேர்த்தேன். மொத்தத் தொகை பயணப் பணத்தைவிடக் குறைவாகவே வந்தது.